சுக்கானடியில் ஒரு மீன் ரோல்

றொய்ஸ்டன்: கை வழுக்கீட்டுது பிள்ளை... ஒரு மீன் ரோல்தானே!

ஜெசிக்கா: மெதுவாக் கதையுங்கோ அப்பா. சுக்கானடியிலை கிடந்திருக்கு.

றொய்ஸ்டன்: அம்மா பொரிச்சது. வேறை படகெண்டால் எடுத்துத் திண்டிருப்பினம்.

ஜெசிக்கா: இது வாகா. மாவோரிப் பாய்ப்படகு. விடியப்புறம் ஹேமி கப்டன் ஜெபம் சொல்லி தபு ஆக்கினவர். சமைச்ச சாப்பாடு பட்டால் அந்தப் புனிதம் போயிடும். என்னோடை பயணம் போற பன்னிரண்டு பேரும் இறங்கி நிக்கினம், பாருங்கோ.

றொய்ஸ்டன்: எல்லாரும் என்ரை மீசையைத்தான் பாக்கினம்.

ஜெசிக்கா: ரோல் தூள் ஒட்டியிருக்கு.

றொய்ஸ்டன்: எனக்கெப்பிடித் தெரியும்? நான் ரானுயியிலை வீடுவீடாப் பைப் பூட்டுற பிளம்பர்... அப்ப, பயணம் நிக்குமோ?

ஜெசிக்கா: திருப்பி ஜெபம் சொல்லவேணும். அதுக்குள்ளை கடல் வத்தத் துவங்கும், படகு வெளிக்கிடேலாது. நாளைக்குத்தான்.

றொய்ஸ்டன்: நாளைக்குக் காத்துக் கூடவாம். அடுத்த நாள் மழை. அதுக்கடுத்தது ஞாயிறு, பூசைக்குப் போகவேணும்...

ஜெசிக்கா: அப்பா!

றொய்ஸ்டன்: சரி, வாயை மூடுறன்... நீங்கள் போற ரரோதொங்காத் தீவு எவ்வளவு தூரமெண்டனி?

ஜெசிக்கா: மூவாயிரம் கிலோமீற்றர். நூறு தரம் கேட்டிட்டீங்கள்.

றொய்ஸ்டன்: ஒரு திசைகாட்டிகூட இல்லாமல்.

ஜெசிக்கா: நட்சத்திரம் இருக்கு.

றொய்ஸ்டன்: முகில் மூடினால்?

ஜெசிக்கா: அலை எந்தப் பக்கத்தாலை தட்டுதெண்டு, படுத்திருக்கேக்கை முதுகுக்கே தெரியும்.

றொய்ஸ்டன்: அலையும் குழம்பினால்?

ஜெசிக்கா: ...ஹேமி இருக்கிறார்.

றொய்ஸ்டன்: நான் ஒருக்காத்தான் படகிலை கடல் தாண்டினனான். தலைமன்னாரிலை இருந்து தனுஷ்கோடிக்கு, பத்து வயசிலை. வானம் நிறைய நட்சத்திரம். எங்களுக்குப் பின்னாலை வெளிக்கிட்ட படகு...

ஜெசிக்கா: வந்து சேரேல்லை. தெரியும் அப்பா.

றொய்ஸ்டன்: அண்டையிலை இருந்து குளியல் தொட்டியிலையும் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டுதான் குளிக்கிறன். சிரியன்.

ஜெசிக்கா: சிரிப்பு வரேல்லை.

றொய்ஸ்டன்: உனக்குப் பயமில்லையோ?

ஜெசிக்கா: தூள் இன்னும் போகேல்லை. வலப்பக்கம்.

றொய்ஸ்டன்: கேட்டதுக்கு இது மறுமொழி இல்லை. அதென்ன, இண்டைக்கு முழுக்கத் தமிழ்? வீட்டிலை நாலு நாளைக்கு ஒரு சொல்லுத்தான் விழும்.

ஜெசிக்கா: அவைக்கு விளங்கக்கூடாது.

றொய்ஸ்டன்: கப்டன் உங்கள் எல்லாரையும் கூப்பிட்டு என்ன சொன்னவர்? ஆர் போட்டதெண்டு கேட்டவரோ?

ஜெசிக்கா: கேக்கேல்லை. அதை ஜெபத்தாலை சரிபண்ணலாமாம். பயமிருக்கிற ஆக்கள் இங்கை, கரையிலை சொல்லுங்கோ. நடுக்கடலிலை சொல்லாதேங்கோ எண்டவர்.

றொய்ஸ்டன்: ஆரும் கை தூக்கினவையோ?

ஜெசிக்கா: இல்லை.

றொய்ஸ்டன்: நீ?

ஜெசிக்கா: நான் கயிறு சுத்திக்கொண்டு நிண்டனான்... அப்பா, உண்மையாக் கை வழுக்கினதோ?

றொய்ஸ்டன்: ஓமோம்... எண்ணெய் கூட. அம்மாவுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்.

ஜெசிக்கா: குடும்பங்களுக்குத் தந்த கடதாசி காருக்குள்ளை கிடக்கு. வாகாவிலை சமைச்ச சாப்பாடு வேண்டாமெண்ட வரிக்குக் கீழை சிவப்புப் பேனையாலை கோடு.

றொய்ஸ்டன்: இப்பத் தூள் போட்டுதோ, பாரன்.

ஜெசிக்கா: ரெண்டு கோடு.

றொய்ஸ்டன்: முதல் கோடு வளைஞ்சு போச்சு. அதுதான் ரெண்டாவதும் கீறினனான்.

ஜெசிக்கா: அப்பா...

றொய்ஸ்டன்: ஓம் பிள்ளை, வேணுமெண்டுதான் வைச்சனான். மாவோரி ஆக்களின்ரை சாமி காரியத்திலை விளையாடினது பிழை. நானே போய்ச் சொல்லுறன், அந்தாள் என்ன செய்தாலும் செய்யட்டும். இருபத்திமூண்டு வயசுப் பிள்ளையைக் கட்டியா வைக்கேலும்? கையிலை இருந்தது ரோல் மட்டுந்தான்... போக முதல் ஒண்டு சொல்லு. சுத்தி வளைக்காதை. உனக்குப் பயமோ, இல்லையோ?

ஜெசிக்கா: பயம் அப்பா. சரியான பயம். நீங்கள் வைக்கேக்கை நான் பாய்க்குப் பின்னாலைதான் நிண்டனான். ஆரும் காண முதல் எடுத்தெறிய எனக்கு நேரம் இருந்தது... எடுக்கேல்லை.