ஒரு சாண் தள்ளி

பல்லாரட்டில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம். காலையில் பாதி, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுவதிலேயே போய்விடும். நீங்களும் சுரண்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள், விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கிறது. குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். சரியாகிவிடும்.

விலங்கு நலத் துறையிலிருந்து என் வீட்டுக்கு ஆள் வருவது புதிதல்ல. முப்பது வருடமாகப் பாம்பு வளர்க்கிறேன். இந்தப் பக்கத்தில் யார் வீட்டுப் பாம்பு செத்தாலும் மெரடித் ஹால்ப்பினிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பார்கள். கார்த் மில்னர் வீட்டு மலைப்பாம்பைப் பற்றிக் கேட்கத்தான் நீங்களும் வந்தீர்கள். ஆனால் மேசைமேல் ஒரு தாளையும் வைத்திருக்கிறீர்கள். கார்த்தின் மகள் பிரைடியின் கைபேசியிலிருந்து அந்த வாரத்தில் எனக்கு வந்த மூன்று அழைப்புகள். நல்லது. இதுவரை யாரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

அந்தப் பாம்பு என் வீட்டில் முட்டையை உடைத்து வெளியே வந்தது. நான் என் பாம்புகளுக்கு எண்தான் கொடுப்பேன். அது நாற்பத்தொன்று. கார்த்தின் மனைவி அவரை விட்டுப் போன குளிர்காலத்தில், வீட்டுக்குள் நுழைந்தால் வெறிச்சென்று இருக்கிறது என்று பாம்பு வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் சொன்னார். நாற்பத்தொன்றைக் கொடுத்தேன். அவர் அதற்குப் பாவ்லோவா என்று பெயர் வைத்தார். உயிருள்ள ஒன்றுக்கு, கிரீம் தடவிய பண்டத்தின் பெயர்.

முதல் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்காருவார். கூண்டில் எந்தப் பக்கம் சூடு, எந்தப் பக்கம் குளிர்ச்சி, பாம்பு படுக்கும் ஓட்டுக்கு அடியில் மின்சாரச் சூட்டுப் பாயை எப்படி வைப்பது, வெப்பம் அறியும் ஒயரை எங்கே ஒட்டுவது, எல்லாம் கேட்பார். நான் வரைந்து காட்டுவேன். பிறகு வருவது நின்றது. தெரிந்துகொண்டுவிட்டாராம்.

போன வருடம் சங்கத்தின் கண்காட்சியில் நாற்பத்தொன்றுக்குக் கோப்பை கிடைத்தது. கார்த் மேடையில் நின்றார். நான் வழக்கம்போல வெப்ப அளவு எழுதும் நோட்டுடன் முதல் வரிசையில் இருந்தேன்.

"டீச்சரம்மா வந்தாச்சு, எல்லாரும் நோட்ட எடுங்கப்பா" என்றார். நான் ஆசிரியையாக இருந்ததில்லை. பள்ளி ஆய்வகத்தில் குப்பி கழுவி அடுக்கியவள். அது அவருக்குத் தெரியும். "ஏம்மா மெரடித், நீ பாம்பு வளக்குறியா, இல்ல தெனமும் அதுக்குக் காய்ச்சல் பாக்குறியா? நான் ஒரு தடவ முப்பத்திரண்டுல வச்சேன், அதோட சரி. தெர்மோஸ்டாட் பாத்துக்கும். நான் பீர் குடிக்கப் போயிடுவேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் யாரோ, "ராத்திரி தெர்மாமீட்டரோடதான் தூங்குறா போல" என்றார்கள். நானும் சிரித்தேன்.

கோபமா என்று கேட்கிறீர்கள். ஆம், கோபம்தான். பதினொரு மாதம் அதை ஒரே அளவில் வைத்திருந்தேன். ஏறவும் விடவில்லை, இறங்கவும் விடவில்லை. திடீரென்று ஏறும் சூட்டை எல்லோரும் கவனித்துவிடுவார்கள்.

ஜூனில் கார்த் தன் தம்பி கல்யாணத்துக்காக டார்வின் நகரத்துக்குப் போனார், எட்டு நாள். சாவியை என்னிடம் தரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். பாம்பின் தாயே என் வீட்டில்தான் இருக்கிறது. பிரைடி பார்த்துக்கொள்வாள் என்றார். பிரைடிக்குப் பத்தொன்பது வயது, கால்நடைச் செவிலியர் படிப்பில் முதல் வருடம். நல்ல பிள்ளை.

அவர் போன மறுநாள், சங்கத்தில் மொத்தமாக வாங்கிய உறைந்த எலிகளில் அவர்கள் பங்கைக் கொடுக்கப் போனேன். பிரைடி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பின்கட்டில் இருக்கும் உறைபெட்டிக்குப் போனாள். அரை நிமிடம் இருக்கும். கூண்டின் கண்ணாடிக் கதவை நகர்த்தினேன். ஓட்டுக்கு அடியில் சூட்டுப் பாயோடு ஒட்டியிருந்த ஒயரின் முனையைப் பிரித்து, ஒரு சாண் தள்ளி, குளிர்ந்த பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் விட்டேன்.

நான் செய்தது அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் அந்த முனை சொல்வதை நம்பும். குளிராக இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தால், பாயை நிறுத்தாமல் எரியவிடும். கையை வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கார்த் கையை வைத்துப் பார்க்கிறவர் இல்லை. மகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை என் கணக்கில் எழுதாதீர்கள்.

முதல் அழைப்பு அன்று மாலையே வந்தது.

"மெரடித் ஆன்ட்டி, ஸ்கிரீன்ல பத்தொன்பதுன்னு காட்டுது. அப்பா முப்பத்திரண்டு இருக்கணும்னாரு. நான் எதையும் தொடல, சத்தியமா."

"வெளிய குளிருதுல்லம்மா, மெதுவாத்தான் ஏறும். கதவத் தெறக்காத, இருக்கற சூடும் போயிடும்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்கட்டுமா?"

"கல்யாண வீட்டுல இருக்கற மனுஷன எதுக்குத் தொந்தரவு பண்ற? நான் இருக்கேன்ல."

மூன்றாம் நாள் அழைத்தாள். "பாவ்லோவா அந்த ஓட்டு மேலயே கெடக்குது ஆன்ட்டி. நகரவே மாட்டேங்குது."

"சூடு பிடிச்சிருக்கு, சுகமா படுத்திருக்கு. விடு."

சுட்டால் நகர்ந்துவிடும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். வயிற்றுப் பக்கம் மெல்ல ஏறும் சூடு பாம்புக்கு ஆபத்தாகத் தெரிவதில்லை. வெந்துகொண்டே படுத்திருக்கும். கத்துவதற்கு அதற்குக் குரலும் இல்லை.

ஐந்தாம் நாள் மூன்றாவது அழைப்பு. "ஒரு மாதிரி நாத்தம் வருது ஆன்ட்டி. எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு தடவ வந்து பாக்குறீங்களா?"

தோல் உரிக்கப் போகிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்கு இடுப்பு வலி என்றும் சொன்னேன். அது உண்மை.

எட்டாம் நாள் கார்த் வந்து கதவைத் திறந்து அதைத் தூக்கியபோது, வயிற்றுச் செதில்கள் ஓட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. உயிர் இருந்தது. மருத்துவர் ஊசி போட்டு முடித்துவைத்தார். கார்த் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"ஒன்னக் கேட்டுத்தான் எல்லாம் செஞ்சேங்குறா. நெசமா?"

"தண்ணி எப்ப மாத்தணும்னு கேட்டா. வேற ஒண்ணும் கேக்கலியே."

"மூணு தடவ பேசுனாளாமே."

"மூணு தடவயும் தண்ணிதான், கார்த்."

அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். பெரிய உடம்பு, டயர் கடையில் டயர் தூக்கித் தூக்கி முறுக்கேறிய கை. அழுது முடித்து, "நான் எங்க தப்புப் பண்ணேன், மெரடித்?" என்று கேட்டார். பதினொரு மாதம் நான் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நோட்டை எடுத்து முதலிலிருந்து வரைந்து காட்டினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி வருகிறார்.

மகள்மேல் புகார் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். ஒயரை விளையாட்டாக நகர்த்திவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று நம்புகிறார். விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வரக் கூடாது என்று கல்லூரியில் அவளைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தோழி வீட்டு சோபாவில் படுத்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பிரைடி எந்தத் தப்பும் செய்யவில்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்ததும் தெரிந்தவளிடம் கேட்டாள். ஒரு வளர்ப்பாளர் செய்ய வேண்டியது அதுதான். ஒயரை நகர்த்தியவள் நான். அவள் கேட்டபோதெல்லாம் பொய் சொன்னவளும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு உதவி. வெள்ளிக்கிழமைவரை அவளுக்கு எதுவும் சொல்லாதீர்கள். என் பின்னறையைக் காலி செய்து அவளுக்காகத் தயார் செய்திருக்கிறேன். அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். தகப்பனே கைவிட்ட பிள்ளை, இந்தக் குளிரில் எங்கே போவாள்? நல்ல கை அவளுக்கு, பொறுமையும் உண்டு. பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளச் சரியான ஆள் ஒருத்தி இருந்தால் போதும்.