மாதிரி வீடு

"ஹலோ... அண்ணே? ஹலோ!... கேக்குதா?... வாசல் இஸ்தோப்பை விட்டு உள்ள போகாத, சிக்னல் போயிரும். அங்கயே நில்லு... ஆங், இப்பக் கேக்குது. வந்துட்டாங்களா?... இன்னும் இல்லையா. நல்லது, நல்லது. பிரிட்ஜ் கெடைச்சுதா?"

நிரஞ்சலா மண் கிளறும் நீள்பிடி முள்ளை உரக்குவியலில் ஓங்கிக் குத்தி நிறுத்திவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். கெம்பஸின் ‘பசுமை இல்லம்’ என்ற மாணவர் விடுதிக்குப் பின்னால், மழைநீர்ப் பீப்பாய்களின் நிழலில், அவளையும் மண்புழுக்களையும் தவிர யாருமில்லை.

"என்னது, ஐஸ்கிரீம் பெட்டியா? நஸீர் நானா கடைல இருக்கே, அதுவா!... மேல் லயம் வரைக்கும் தோள்லயா தூக்கினீங்க?... அவருகிட்ட என்ன சொல்லி வாங்குன?... கல்யாண வீடுன்னா? நம்ம வீட்டுல யாருக்குடா கல்யாணம்?... உனக்கா! அத நம்பியா குடுத்தாரு? பாவம் மனுசன்... சரி, சரி, கோவிச்சுக்காத. கோயில் சவுண்ட் பொக்ஸ்?... ரெண்டுமா! ரெண்டையும் வாசலப் பாத்து வை. ரைஸ் குக்கர்?... ஃபேன்?... நமுனுகுலக் குளிருக்கு ஃபேன் எதுக்குன்னு பக்கத்துக் காம்பராவுல சிரிக்கிறாங்களா? சிரிக்கட்டும். ஃபேன் சுத்தணும். வேன் சத்தம் கேட்டதும் எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடு. டிவி, பல்பு, பாட்டு, எல்லாம். அவ வாசப்படில கால வச்சதும் கண்ணு கூசணும். காது அடைக்கணும்."

அவள் என்றால் சுதர்சினி. பதுளை டவுனில் பாத்திரக்கடை முதலாளியின் மகள். பசுமை இல்லத்துக்குத் தலைவி. ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பது, பிளாஸ்டிக்கைத் தொடாதிருப்பது, தின்றதின் தோலையெல்லாம் மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு வீடு நிறையப் பிள்ளைகள் சேர்ந்து வாழும் இடம் அது. நிரஞ்சலா ஆசைப்பட்டுத்தான் அங்கே சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் சுதர்சினியை, நமுனுகுல மலைத் தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிய லயத்து அறைகளில் ஒன்றான தன் வீட்டுக்கும் கூட்டிப்போனாள். ஒரேயொரு மத்தியானம். அந்த மத்தியானம் இப்போது இல்லத்து முன்சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது: அடுப்பை ஊதுகிற அம்மா, கரி பிடித்த சுவர், கீழே கொட்டை எழுத்தில் ‘ஊவாவின் மாதிரி வீடு’. அதற்கும் கீழே அம்மாவின் வாயிலிருந்து வந்ததாக ஒரு வாக்கியம்: ‘எங்களுக்கு இது போதும்.’

"அம்மாவுக்கு போஸ்டரப் பத்தித் தெரியுமா?... சொல்லலையே?... சொல்லாத... ஆமா, ஆமா, இன்னைக்கு வர்றது கொழும்பு ஆபீஸ் பெரிய மேடம்தான். அவங்களுக்குப் புடிச்சிருச்சுன்னா, எல்லாக் கெம்பஸ்லயும் இத அச்சடிச்சு ஒட்டுவாங்களாம். அதுதான் பேச்சு... எனக்கு ஏன் எரியுதுன்னா கேக்குற? இங்க என்னய என்னன்னு கூப்புடுறாங்க தெரியுமா? ‘போதும்’. அதான் எம்பேரு. ‘போதும், வாளியக் கொண்டா.’ ‘போதும், சோறு வேணுமா, போதுமா?’... சிரிக்காத அண்ணே. அன்னைக்கு அம்மா முறுக்கு சுட்டு பிளாஸ்டிக் சொப்பிங் பேக்ல குடுத்து விட்டாங்கல்ல? எல்லாரையும் வட்டமா ஒக்கார வச்சு, நடுவுல என்னய நிக்க வச்சு, பூமிகிட்ட மன்னிப்புக் கேளுன்னா... ஆமாடா, பூமிகிட்ட! கேட்டேன். என்ன பண்றது, கேட்டேன்... முறுக்கா? அத அவங்களே தின்னுட்டாங்க. பை மட்டுந்தான் பாவமாம்."

சமையலறைப் பக்கமிருந்து யாரோ ‘போதும்!’ என்று கூப்பிட்டார்கள். நிரஞ்சலா முள்ளைப் பிடுங்கி இரண்டு தரம் சும்மா கிளறினாள்.

"ஒரு நிமிசம் இரு... கிளறிக்கிட்டுத்தான் இருக்கேன் ஆதிலா! வந்துருவேன்! அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடாதன்னு எத்தன தடவ... ஹலோ, ஆங், சொல்லு. இன்னைக்குன்னு பாத்து எனக்கு உரக்குழி வேல போட்டிருக்கா. எங்க வீட்டுக்கு எல்லாரும் வேன்ல போறாங்க, நான் இங்க புழுவோட நிக்கிறேன். நான் வந்தா வாயத் தொறப்பேன்னு பயம்... அம்மா என்ன பண்றாங்க?... கேக் வெட்டுறாங்களா? யாருக்கு?... அவளுக்கா! போன தடவ அவ கொண்டு வந்தான்னு, இந்தத் தடவ இவங்க வாங்கி வச்சிருக்காங்களாக்கும்! புதுச் சீலை வேறயா?... ஐயோ அம்மா!... என்ன சத்தம் அது?... வேனா? வேன்தானே?... அண்ணே போடு! எல்லாத்தையும் போடு!"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போனுக்குள் ஒரு நாதஸ்வரம் ‘பீ’ என்று தொடங்கியது. தொடங்கிய இடத்திலேயே செத்தது.

"என்னாச்சு?... ஹலோ?... என்ன போயிருச்சு?... கரண்டா! நம்ம காம்பராவுக்கு மட்டுமா?... லயம் முழுக்கவா!... அடப்பாவி, அந்தப் பழைய வயர்ல ஐஸ்கிரீம் பெட்டியும் பாட்டுப் பொட்டியும்... ஆமா, நான்தான் ஒரே நேரத்துல போடச் சொன்னேன். ஆமா, ஆமா, என் தப்புதான். இப்ப அதவா பேசணும்? உள்ள எப்பிடி இருக்கு?... ஒண்ணுமே தெரியலையா. சன்னலும் இல்ல, பனியும் எறங்கிருச்சா... அம்மா?... குப்பி விளக்கா? வேணாம்! ஏத்த விடாத அண்ணே, புடுங்கி... ஏத்திட்டாங்களா."

நிரஞ்சலா உரக்குழியின் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம் என்ன சொல்றாங்க?... என்னது?... அழகா இருக்காமா!... அவ என்ன சொல்றா?... ‘பாருங்க மேடம், ஒரு பல்புகூட இல்ல’ன்னா! பல்பு இருக்குன்னு சொல்லேண்டா! மேல காட்டு!... இருட்டுல தெரியலையா. சரி, ஐஸ்கிரீம் பெட்டி? அவ்ளோ பெரிசு, அதுகூடவா தெரியல?... அது மேல சீலைய விரிச்சு, விளக்க வச்சு... யாரு, அம்மாவா! ஏன்?... அழகுக்காகவா! போட்டோ எடுக்குறாங்களா?... எத்தன பேரு?... அண்ணே, கேளு. நான் சொல்றதக் கேளு. போன ஸ்பீக்கர்ல போட்டு வாசல்ல நீட்டு... போடுறியா இல்லையா? அங்க நிக்கிற எல்லாருக்கும் கேக்கணும். போட்டாச்சா?... வணக்கம் மேடம்."

அவள் எழுந்து நின்றாள். யாரும் பார்க்கவில்லை என்றாலும் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

"நான் நிரஞ்சலா மேடம். பசுமை இல்லத்துலதான் இருக்கேன். நீங்க நிக்கிறது எங்க வீடு... ஆமா மேடம், போஸ்டர்ல இருக்கிறவங்க என் அம்மா. இராக்கம்மா. அந்தப் பேரு போஸ்டர்ல இல்ல... நன்றி மேடம். இருங்க, நான் இன்னும் முடிக்கல. கீழ ஒரு வரி இருக்குல்ல? அத அம்மா சொன்னது நெசம். நான் பக்கத்துலதான் இருந்தேன். சுதர்சினி ஒரு கேக் கொண்டு வந்தா. அம்மாவுக்கு ஒரு துண்டு குடுத்தா. ‘இன்னொண்ணு எடுங்க ஆன்ட்டி’ன்னா. அப்பத்தான் அம்மா சொன்னாங்க, எங்களுக்கு இது போதும்னு... கேக்கப் பத்தி மேடம்! வீட்டப் பத்தி இல்ல. ஒழுகுற தகரத்தப் பத்தி இல்ல. விருந்தாளி குடுக்கிறத ரெண்டாவது தடவ வாங்கக் கூடாதுன்னு சொன்ன வார்த்த அது. அத வெட்டி எடுத்து சுவத்துல ஒட்டிட்டா... யாரு பொய் சொல்றது? நானா? சுதர்சினி, நீ குறுக்க பேசாத. அன்னைக்கு நீ எடுத்த வீடியோ ஒன் போன்லதான் இருக்கு, முழுசாப் போட்டுக் காட்டு பாப்போம்... அழிச்சிட்டியா? ஓ. எடம் பத்தலையா. ஓ."

அந்த இரண்டாவது ‘ஓ’வைச் சொன்னபோது நாக்கில் வெல்லம் கரைந்த மாதிரி இருந்தது. எத்தனை இரவுகள் படுக்கையில் கிடந்து இந்த நொடியை ஒத்திகை பார்த்திருப்பாள்!

"எங்க வார்த்தைய நம்ப வேணாம் மேடம். அம்மா அங்கதான் நிக்கிறாங்க, நேராவே கேளுங்க... கேளுங்க மேடம்... ம்... ம்... அம்மா, சொல்லுங்க. பயப்புடாதீங்க... என்ன?... அம்மா?... என்ன சொல்றீங்க நீங்க?... இல்ல, வீட்டப் பத்தியா சொன்னீங்க? கேக்கத் தட்டுல வச்சுக்கிட்டுத்தானே... அம்மா, நான் பக்கத்துல இருந்தேன்! ஏம்மா இப்பிடி..."

போனில் பல குரல்கள் குழம்பின. யாரோ நிம்மதியாகச் சிரிப்பதுகூடக் கேட்டது. பிறகு போன் கை மாறும் சரசரப்பு. நிரஞ்சலா முள்ளின் பிடியைச் சுரண்டத் தொடங்கினாள்.

"ஹலோ... அண்ணேயா?... அம்மாவா. எதுக்கு என்கூடப் பேசுறீங்க? அங்க போய் அவகூடவே பேசுங்க... அழுதாளா? அழட்டுமே! நான் இங்க எத்தன நாளு... வாசல் தேடி வந்த புள்ளையா? ஆளுங்க முன்னுக்குத் தல குனிய வைக்கக் கூடாதா? என்னய மட்டும் குனிய வைக்கலாமா? நான் யாரு வீட்டுப் புள்ள?... நான் கத்தல... ஆமா, கத்துறேன்... போஸ்டரப் பத்தி உங்களுக்கு எப்பவே தெரியுமா?... அண்ணன்தானே சொன்னான்? வாய்ல ஒண்ணும் நிக்காது அவனுக்கு... தெரிஞ்சுக்கிட்டேவா கேக் வாங்கினீங்க?... என்ன?... மெதுவாப் பேசுனாக் கேக்கல. இஸ்தோப்பு ஓரத்துக்கு வாங்க... ஆங். உள்ள எல்லாரும் சாப்புடுறாங்களா. சரி. சொல்லுங்க... ம்... ம்... யார இருக்கச் சொன்னீங்க?"

முள்ளின் பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றது.

"எங்க?... நம்ம வீட்டுலயா?... எத்தன நாளைக்கு?... ஒரு கெழமையா! ஏழு நாளுமா!... மேடம் முன்னுக்கா கேட்டீங்க?... இருங்க, இருங்க, முதல்லருந்து சொல்லுங்க. என்ன சொல்லிக் கேட்டீங்க?... ‘எங்க வீட்டு அரும உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு, ஒரு கெழம எங்ககூடவே இருங்க, இருந்து பாத்துட்டு நீங்களே உங்க வாயால சொல்லுங்க, அதுக்கப்புறம் அச்சடிக்கட்டும்’... அம்மா! அப்பிடியேவா?... மேடம் என்ன சொன்னாங்க?... கை தட்டினாங்களா! அவ சொல்ற வரைக்கும் அச்சடிக்க மாட்டாங்களாமா? நெசமா?... அவ?... சிரிச்சாளா? எப்பிடிச் சிரிச்சா?... பல்லு வலி வந்தவ மாதிரியா!"

நிரஞ்சலா வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து உருண்டு வந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"மாத்துத் துணி?... ஒண்ணும் கொண்டு வரலையா! பின்ன?... உங்க பழைய சீலையா... அவளுக்குச் சீலை கட்டத் தெரியாது, நீங்க கட்டி விடாதீங்க... கேளுங்கம்மா. விடிய வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப அவளையும் எழுப்பி விடுங்க. பீலில தண்ணி அவளே புடிக்கட்டும். அரைக் கொடம் இல்ல, முழுக் கொடம்... அடுப்ப ஊதட்டும், அவளுக்குத்தான் அந்தப் போட்டோ ரொம்பப் புடிக்குமே. கக்கூஸுக்குத் தாழ்ப்பா இல்லங்கிறத இப்பவே சொல்லாதீங்க, போன பெறகு தெரியட்டும்... என்ன பேச்சா? நீங்க பண்ணுனதுக்கு முன்னால இது ஒரு பேச்சா?... பழி இல்லையா? அப்ப இதுக்குப் பேரு என்ன?... விருந்தா! சரி, சரி, விருந்து. ஆமா. விருந்துதான்... வேன் கெளம்பிருச்சா?... இஸ்தோப்புல நின்னு பாத்துக்கிட்டே இருக்காளா. கூப்புட்டாளா வேன?... கூப்புடலையா. ம்."

மலைச்சரிவில் வேனின் சிவப்பு விளக்கு சிறுத்துச் சிறுத்துப் பனிக்குள் கரைவதை அவளால் இங்கிருந்தே பார்க்க முடிந்த மாதிரி இருந்தது. அந்த இஸ்தோப்பில் நின்று அப்படிப் பார்த்தவள்தானே அவளும்.

"என்னம்மா?... எங்க படுக்க வைக்கிறதுன்னா கேக்குறீங்க? என் எடத்துலதான் படுக்கணும், வேற எடம் ஏது... குளிருமாவா? குளிரும். நல்லாக் குளிரும். சுவத்தோரமாப் படுக்க வைங்க, இன்னும் குளிரும்... என் கம்பளியா?... வேணாம். குடுக்காதீங்க... இல்லம்மா, அது என்னோடது. நான் குடுக்க மாட்டேன்... ஹலோ?... இருக்கேன்... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... வெரல்லாம் நீலமாயிருச்சா? இப்பவேயா? இன்னும் பொழுதே சாயலையே... ம்... ம்."

சமையலறைப் பக்கமிருந்து மறுபடி அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, குடுங்க. குடுத்துத் தொலைங்க. ஆனா அம்மா, ஒண்ணு. கிழிஞ்ச பக்கம் அவ காலுக்கு வர்ற மாதிரிப் போடுங்க. நல்ல பக்கம் காலுக்கு வந்துறக் கூடாது... கேட்டுச்சா?... கிழிஞ்ச பக்கம்மா... ஹலோ?... கால் பக்கம்... அம்மா? ஹலோ?... ஹலோ?"