குழி விழவில்லை

போனை நேராகப் பிடிக்க எனக்கு முதலில் வரவே இல்லை, டாக்டர். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் புதன்கிழமை வீடியோ காலில் நீங்கள் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டு மின்விசிறியைத்தான். "ஃபேன் நல்லாத்தாம்மா சுத்துது, பேஷன்ட்டக் காட்டுங்க" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

இன்றைக்குப் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன். நோயாளி என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு நேரம் வாங்கினேன். உங்களிடம் தனியாகப் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் முகத்தை நீங்கள் இப்போதுதான் முழுதாகப் பார்க்கிறீர்கள். இத்தனை மாதமாக உங்களுக்கு நான் ஒரு குரல், ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான்.

அக்கா தலைமையாசிரியையாக இருந்தவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவளிடம் படிக்காததற்கு வருத்தப்படுகிறவர்கள். நானோ, கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை என்று திரும்பி வந்தவள். வந்த அன்று அக்கா எனக்கு ஓர் அறையும் ஒரு பெயரும் கொடுத்தாள். அறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. பெயர் மக்கு. விருந்தாளிகள் முன்னாலும் அதே பெயர்தான். "மக்கு, தண்ணி கொண்டா." வந்தவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டே கொண்டுபோய் வைப்பேன். எரிச்சலாக இருக்காதா என்று கேட்கிறீர்களா? இருந்தது. ஒரு நாள்கூட இல்லாமல் இருந்ததில்லை.

அவளுக்கு இதயம் பலவீனமாகி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, வெளிநாட்டில் இருக்கும் அவள் மகன்தான் உங்களை ஏற்பாடு செய்தான். வாரா வாரம் புதன்கிழமை போனில் நீங்கள். நீங்கள்தான் சொன்னீர்கள்: "நான் தொட்டுப் பாக்க முடியாதும்மா. இனிமே உங்க கைதான் என் கை."

எனக்கு அப்படி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை, டாக்டர். கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்து, கொஞ்சம் பொறு, எடு, குழி விழுந்து அப்படியே நிற்கிறதா பார், நின்றால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் என் காலிலேயே அழுத்தி அழுத்திப் பழகினேன். அடுத்த வாரம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எங்க ஸ்டூடண்ட்ஸ்கூட இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டாங்க" என்றீர்கள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நீங்கள் போனை வைத்ததும் அவள் சொன்னாள்: "அந்தப் பொண்ணு ஏதோ மனசு நோகக் கூடாதேன்னு சொல்லுது. கால அமுக்கறதுக்கெல்லாம் சர்டிபிகேட்டா, மக்கு?"

வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தேன். உப்பில்லாத சாப்பாட்டைக் கரித்துக் கொட்டிக்கொண்டே சாப்பிட்டாள். வீக்கம் வடிந்தது. "உங்களாலதாம்மா" என்றீர்கள். அந்த வாரம் முழுக்க என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதுகூட அந்த வார்த்தை கூடவே இருந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை, நீங்கள் அழைப்பதற்கு முன்னால் ஒரு தடவை நானே அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. எழும்பவில்லை.

என் பக்கம் ஒரு பிசகும் இல்லை, அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நோய் அப்படித்தான் திரும்ப வரும் என்று நீங்களே பிற்பாடு சொன்னீர்கள். ஆனால் அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருப்பீர்கள். அங்கே நர்ஸ் இருப்பாள், மெஷின் இருக்கும், என் கை எதற்கு? அக்காவும் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள், மக்கு கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று. அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவளை உட்காரவைத்தேன். கால் நிழலில் இருந்தது. அழுத்தினேன். "குழி விழல, டாக்டர்." என் நாக்கு குழறவில்லை. "வெரி குட்மா" என்றீர்கள்.

அதற்கடுத்த வாரம் இன்னும் சுலபமாக இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் முதுகுக்கு மூன்று தலையணை கேட்டாள். நீங்கள் அழைக்கும் நேரத்துக்கு இரண்டை எடுத்து அலமாரியில் வைப்பேன். அவள் பேச ஆரம்பித்து இடையில் மூச்சு வாங்கினால், "இப்பத்தான் பாத்ரூம் போயிட்டு வந்தாங்க, டாக்டர்" என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஊட்டிவிடுகிறவள் நான்தானே, மறைக்கலாம்.

அக்கா முட்டாள் இல்லை. "கால் கனக்குதேடி" என்றாள். "டாக்டரே நல்லா இருக்குன்னுட்டாங்களேக்கா" என்றேன். படித்தவள் சொன்னால் அவள் தட்ட மாட்டாள். நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள், நீங்கள் சொன்னதை அவள் நம்பினாள். பிறந்ததிலிருந்து அக்கா என் பேச்சைக் கேட்டது அப்போதுதான். அதுவும் உங்கள் வாயால் வந்ததால் கேட்டாள்.

கடைசியில் ஒரு காலை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் எப்படியோ குனிந்து தன் காலைத் தானே அழுத்தியிருக்கிறாள். குனிந்ததில் மூச்சு வாங்கியது. விரலை எடுத்துவிட்டு வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வா. இது குழிதானே?"

மக்கு என்று சொல்லவில்லை, டாக்டர். விடை தெரியாமல் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமாக்கா" என்றேன்.

"டாக்டர்கிட்ட சொல்லுடி."

"புதன்கிழமை சொல்றேன்க்கா."

அன்றைக்கு வியாழக்கிழமை. போன் என் மடியில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. திங்கட்கிழமை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். தலையணை மூன்றும் அவள் முதுகுக்குத்தான் வைத்திருந்தேன். அதில் குறை வைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. அவள் மகன் வந்தான், அம்மாவின் வீங்கிய காலைப் பார்த்தான், என் தோளில் சாய்ந்து அழுதான். காரியம் முடிந்த மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து உங்களிடம் ஸ்பீக்கரில் பேசினான். நான் அவனுக்குத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சித்திக்கு என்ன தெரியும் டாக்டர், பாவம். குழி விழுந்தது அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது" என்றான்.

நீங்கள் சொன்னீர்கள்: "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. படிக்காதவங்க. அவங்க கைய நம்பினது என் தப்பு."

நானும் அங்கேயேதான் இருந்தேன், டாக்டர். தேநீர் ஆறிப்போகும், குடிப்பா என்று அவனிடம் சொன்னேன்.

நீங்கள் நல்லவர். உங்கள் மேல் பழி விழக் கூடாது என்றுதான் இன்றைக்கு நேரம் வாங்கினேன். அவள் மகனிடமும் சொல்லுங்கள், போலீசிடம் சொல்ல வேண்டுமென்றால் அங்கேயும் சொல்லுங்கள், நான் எங்கும் ஓடப் போவதில்லை. என் கையை நம்பியது உங்கள் தப்பு இல்லை. என் கை ஒரு தடவைகூடத் தப்பாகப் பார்க்கவில்லை. எந்தப் புதன்கிழமை எந்தக் காலில் எவ்வளவு ஆழம், எழும்ப எவ்வளவு நேரம், எல்லாம் எனக்குத் தெரியும். கேளுங்கள், டாக்டர். கேட்டுவிட்டு, உங்கள் ஸ்டூடண்ட்ஸைப் பற்றி முன்பு சொன்னீர்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்கள்.