சப்ரியின் பேரீச்சம்பழங்கள்

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் பாஷா. சர்க்கரை மட்டும் வேண்டாம். எடை தூக்கி முடித்தவனுக்குச் சர்க்கரை தேவை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவனுக்கு எதற்கு? எதைத் தின்கிறோம் என்பதைவிட எப்போது தின்கிறோம் என்பதுதான் பெரிது. இதைத்தான் தும்யாத்தில் இத்தனை வருஷமாகத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன். கட்டிலும் அலமாரியும் செய்கிற ஊர். மரத்துக்கு எப்போது வார்னிஷ் பூச வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உடம்புக்கு எப்போது வாழைப்பழம் போட வேண்டும் என்றால் சிரிப்பார்கள்.

சப்ரி அப்படி ஒரு பட்டறையிலிருந்து வந்தவன்தான். ஈர்க்குச்சி உடம்பு. சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி, தினமும் ஊசி. அவன் தாய் என் ஜிம்முக்கே அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்; சப்ரியின் அம்மா என்பதால் ஊருக்கே அவள் 'உம் சப்ரி'தான். "டாக்டரு வேணாங்கறாரு கேப்டன். இவன் கேக்க மாட்டேங்கறான். ஒங்க கையில குடுத்துட்டேன், பாத்துக்கோங்க" என்றாள். பார்த்துக்கொண்டேன். அதில் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

பயிற்சிக்கு முன் பாதி வாழைப்பழம். நடுவில் முகம் வெளுத்தால் ஒரு பேரீச்சம்பழம். முடிந்த கையோடு மோரும் புரதப் பொடியும் கலந்த ஷேக், அதன்பின் சோறு. எல்லாம் என் கையால் கொடுத்தேன். மனைவிக்குக்கூட நான் ஒரு வாய் ஊட்டியதில்லை. அவனுக்குத் தோள் வந்தது, முதுகு விரிந்தது, மாகாண ஆணழகன் பட்டம் வந்தது.

டாக்டர் நோன்பு வைக்காதே என்றிருந்தார். தெருவே நோன்பு வைக்கும்போது அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பகலில் தின்ன அவனுக்கு வெட்கம். சரி, வை, நான் இருக்கிறேன் என்றேன். விடியலுக்கு முன் சஹரில், அவித்து மசித்த அவரைக்கொட்டை, நம் ஃபூல், நிறையச் சாப்பிட வைப்பேன். அந்தக் கொட்டை வயிற்றில் மெதுவாகக் கரையும், சாயங்காலம்வரை பிடித்து நிறுத்தும். ஒவ்வொரு ரமலானிலும் அவனை அப்படித்தான் கரை சேர்த்தேன். டாக்டரால் முடியாததை நான் செய்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாதத்தில் காப்பிக்கடைக்குப் போனேன். சப்ரி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பையன்களோடு பேசிக்கொண்டிருந்தான். பெருநாள் முடிந்து கெய்ரோவில் யாரோ ஒரு பயிற்சியாளனிடம் சேரப்போகிறானாம். ஒருவன் கேட்டான்: "அப்ப கேப்டன் வகீஹ் என்னடா ஆவாரு?"

"அவரா? அவரு என் பழக்கடைக்காரருடா" என்றான் சப்ரி.

மேசையே குலுங்கச் சிரித்தார்கள். நான் என் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். கோபம் வரவில்லை. மனசு கசந்தது, அவ்வளவுதான். பழக்கடைக்காரன். நல்லது.

ரமலான் வந்ததும் உம் சப்ரியிடம் போய்ச் சொன்னேன், இனி சஹரில் ஃபூல் வேண்டாம், ரொட்டி வேண்டாம். தர்ப்பூசணியும் புரத ஷேக்கும் போதும், பெருநாள் முடிந்ததும் போட்டி, உடம்பு வற்ற வேண்டும் என்று.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. "ஃபூல் இல்லாம நோன்பா? ஊசி வேற போடறானே, அதக் கொறைக்கணுமா?"

"ஊசி அப்படியே இருக்கட்டும். நீங்க சமையலப் பாருங்க உம் சப்ரி, உடம்ப நான் பாத்துக்கறேன்."

தர்ப்பூசணி வந்த வேகத்தில் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். ஊசி போகாது, பகலெல்லாம் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும் என்பதும் தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அவனுக்கு ஒரு பாடம் கற்பிக்கத்தான் நினைத்தேன். கெய்ரோக்காரன் இல்லாமல் அவன் இருந்துவிடுவான். நான் இல்லாமல் முடியாது என்று புரிய வேண்டும். இதில் என்ன தப்பு?

என் ஜிம் நிலவறையில் இருக்கிறது. பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கீழே வராது. போன்களைக் கூடையில் போட்டு என் மேஜையில் வைத்துவிட வேண்டும், அது என் சட்டம். சூரியன் மறைகிற மஃரிபுக்கு முந்தைய நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நானும் சப்ரியும் மட்டும் இருப்போம். நான் படியேறி பாங்கைக் கேட்டுவிட்டுப் பேரீச்சம்பழத்தோடு இறங்கி வருவேன். அதைத் தின்று அவன் நோன்பு திறப்பான். எங்கள் வழக்கம் அது.

அன்றைக்கும் ஏறி இறங்கி வந்தேன். கம்பியை ரேக்கில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை பிழிய வியர்வை.

"கேப்டன், கை நடுங்குது. சுகர் எறங்குது போல."

"வயிறு காஞ்சா எல்லாருக்கும் நடுங்கும்டா."

"பாங்கு சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. இவ்வளவு தூரம் வந்துட்டு இப்பப் போயி நோன்ப முறிப்பியா? எழுந்திரு, இன்னொரு செட்டு."

எழுந்தான், பாஷா. நான் சொன்னால் எழுந்துவிடுவான். பாதியில் நாக்கு குழறியது, என்னை 'அம்மா' என்று கூப்பிட்டான். பிறகு பெஞ்சுக்குப் பக்கத்தில் சரிந்தான். கால் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

நான் அவனைத் தொடவில்லை. இதை நீங்கள் எழுத வேண்டும். ஒரு விரல்கூடப் படவில்லை. அவனுக்கு எதையும் கொடுக்கவும் இல்லை. பழக்கடைக்காரன்தானே, கேட்டால் கொடுப்பான். அவன் கேட்கிற நிலையில் இல்லை.

ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன், தொழுகையை முடித்துவிட்டு. ஆஸ்பத்திரியில் உம் சப்ரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நோன்பு தொறந்தானா என் புள்ள? வாயில ஏதாச்சும் போட்டானா?"

"நோன்போடவே போயிட்டான் உம் சப்ரி. இந்தப் பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்?"

அவள் என் கையை முத்தமிட்டாள். நானும் அழுதேன். அது பொய்யழுகை இல்லை. என் பிள்ளை மாதிரி அவன்.

பேரீச்சம்பழம் எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். என் சட்டைப்பையில் இருந்தது. அவன் விழுந்ததும் படியேறி மேலே போனேன். பாங்கு சொல்லி முடித்து வெகுநேரமாகியிருந்தது. தெருவெல்லாம் கரண்டிச் சத்தம். வாசலில் நின்று அந்தப் பழங்களைத் தின்றேன். நேரமாகியும் நோன்பு திறக்காமல் இருப்பது சரியில்லை, பாஷா. அவனால் அன்று எனக்கும் தாமதமாகிவிட்டது.