நான்கு வரி

எனக்கு நான்கு மொழி தெரியும் என்று செகந்திராபாத் மெட்டுகுடாவில் சொல்லிக்கொள்வார்கள். மூன்றரை என்பதுதான் சரி. தமிழ் வீட்டில் வந்தது, தெலுங்கு பள்ளிக்கூடத்தில், ஆங்கிலம் ரயில்வே ஆபீசில். இந்தி பேசுவேன், சண்டைகூடப் போடுவேன், எழுத வராது. எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் நான் இல்லை என்பது தெரியட்டும் என்றுதான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

வக்கீலம்மா, நீங்கள் கேட்டது ஒரே ஒரு விஷயம். லாரி டிரைவர் செங்கோடன் அன்றைக்கு என்ன சொன்னார், நான் அதை எப்படி மொழிபெயர்த்தேன். "மீக்கு ஏ லாங்வேஜ் ஈஸியோ அந்துலோ ராயண்டி அங்கிள்" என்றீர்கள், எந்த மொழி சுலபமோ அதில் எழுதச் சொல்லி. எனக்குத் தமிழில்தான் கோவையாக வரும். உங்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அதனால் தமிழில் எழுதி, கூடவே தெலுங்கிலும் நானே தருவதாக ஒப்புக்கொண்டேன். குகட்பள்ளியில் பிறந்து வளர்ந்தாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு 'ழ' எழுதத் தெரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அது இருக்கட்டும்.

ரிடையர் ஆன பிறகு சுற்றுவட்டத்து போலீஸ் ஸ்டேஷன்களில் என் நம்பர் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டு லாரிக்காரர், போர்வெல் வண்டிக்காரர், வழி தவறி வந்த யாத்ரீகர், யார் மாட்டினாலும் "அரவ சாரைப் பிலவண்டி", தமிழ் சாரைக் கூப்பிடுங்கள், என்பார்கள். நான் போய்ச் சொல்வேன். சம்பளம் கிடையாது, ஒரு டீ உண்டு. விஜயகுமாரி, என் மனைவி, "ஊருக்கு உபகாரம், வீட்டுக்கு விகாரம்" என்று கேலி செய்வாள். எனக்கு அதில் பெருமை இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜனவரி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு போன் வந்தது. ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு ஸ்டேஷன். பெயர் உங்கள் கேஸ் கட்டில் இருக்கும். நான் ஆட்டோவில் போனேன். கார் அன்றைக்கு எடுக்கும் நிலையில் இல்லை.

வெளியே பெஞ்சில் ஒரு பெண்மணி முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் யாதய்யா, ஒரு கோழிப்பண்ணையில் வாட்ச்மேன், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது வண்டி இடித்து இறந்துவிட்டார் என்றார்கள். உள்ளே தரையில் செங்கோடன் உட்கார்ந்திருந்தார். முப்பத்து நான்கு வயது, சங்ககிரிக்காரர். கிளீனர் இல்லாமல் தனியாக ஜவ்வரிசி லோடு கொண்டுவந்தவர். சட்டை முழுக்க ரத்தம். நான் வாயைத் திறந்து "என்னப்பா" என்றதும் அவர் முகம் மாறியது இன்னும் நினைவில் இருக்கிறது.

"தமிழுங்களா? அப்பாடா, முருகா. காலையில இருந்து நான் சொல்றது ஒருத்தருக்கும் புரியலீங்க."

இருபது நிமிஷம் பேசினார். அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள். ஒரு வார்த்தையும் நான் மறக்கவில்லை.

"இடிச்சது நானில்லீங்க. பனியில ஒண்ணுந் தெரியல. எனக்கு முன்னாடி ஒரு வெள்ளைக் காரு நடுரோட்டுல நின்னுட்டிருந்துச்சுங்க. நான் கிட்ட வந்து லைட்டு அடிச்சதும் கெளம்பிப் போயிருச்சு. பின்னாடி கண்ணாடியில ரயில் எஞ்சின் படம் ஒண்ணு ஒட்டியிருந்துச்சுங்க. பாத்தா கீழ ஒரு பெரியவரு கெடக்கறாரு. தண்ணி கேட்டாருங்க. குடுத்தனுங்க. தூக்கி வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியாந்தனுங்க. கையைப் புடிச்சுட்டே வந்தாரு. ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட வர்றப்ப கையை விட்டுட்டாருங்க."

எனக்கு வைத்த டீ ஆறிப்போயிருந்தது. எஸ்.ஐ. பேனாவோடு காத்திருந்தார். "ஏமண்டுன்னாடு?", என்ன சொல்கிறான், என்றார்.

அவர் சொல்வதாக நான் தெலுங்கில் சொன்னேன். நான் வண்டி ஓட்டி வந்தேன். தூக்கம் வருகிறது என்று தெரிந்தேதான் ஓட்டினேன். சைக்கிளில் வந்தவரை இடித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

எஸ்.ஐ. எழுதி முடித்து நிமிர்ந்தார். இவ்வளவு நேரம் பேசியது நான்கு வரிதானா என்று கேட்டார். லாரிக்காரர்கள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள் சார் என்றேன். அவர் சிரித்தார். அவருக்கும் அன்றைக்கு வேறு நிறைய வேலை இருந்தது.

தண்ணீர் கேட்ட விஷயத்தையாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கக்கூடும். வெளியே அந்தப் பெண்மணி உட்கார்ந்திருந்தாள். காதில் விழுந்தால் அவளுக்கு வீணாக வேதனை. அதனால்தான் விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது செங்கோடன் கேட்டார்: "ஏனுங்கய்யா, ஒண்ணு விடாம சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிட்டேன்ப்பா."

"அந்த எஞ்சின் படத்தையுமுங்களா?"

"அதையும்தான்."

குனிந்து என் காலைத் தொட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மூன்றாம் நாள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் வாக்குமூலம் வாங்கினார்கள். அங்கேயும் நான்தான். அவர் அதே இருபது நிமிஷம் சொன்னார், நானும் அதே நான்கு வரி சொன்னேன். ஒருமுறை சொன்னதை மாற்றிச் சொன்னால் அழகா? பிறகு கேஸ் நடந்த ஏழு மாதமும் அவருக்குக் காதும் வாயும் நான்தான். 'தூக்கம் வருகிறது என்று தெரிந்தே' என்ற வரிதான் அவரை மாட்டிவிட்டது என்றீர்களே, அது உண்மையிலேயே எனக்குத் தெரியாது. இடித்தேன் என்று மொட்டையாகச் சொல்வதைவிடக் காரணத்தோடு சொன்னால் வாக்கியம் நிற்கும் என்று சேர்த்தேன். அந்த ஒரு வரிக்காக இரண்டு வருஷத் தண்டனை ஏழு வருஷமாகும் என்று யார் கண்டார்கள்? தீர்ப்பு சொன்ன அன்றைக்கு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. விஜயகுமாரியைக் கேட்டுப் பாருங்கள்.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வியாழக்கிழமை நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததால்.

திங்கட்கிழமைகளில் விடியற்காலையில் ஊருக்கு வெளியே ஒரு மலைக்கோவிலுக்குப் போய் அபிஷேகம் பார்த்துவிட்டு வருவது என் பத்து வருஷப் பழக்கம். அன்றைக்கும் போயிருந்தேன். ஆறரை மணி இருக்கும், கடும் பனி. பக்கத்து சீட்டில் பிரசாதப் பொட்டலம் சரிந்தது. கொட்டிவிடக்கூடாதே என்று ஒரு கையால் பிடித்தேன். வண்டி எதிலோ மோதியது. நான் நிறுத்தினேன். நிறுத்தாமல் போனேன் என்று யாரும் சொல்லக்கூடாது. கண்ணாடியில் பார்த்தேன். சைக்கிள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் தூரத்தில் ஒரு லாரியின் வெளிச்சம் வந்தது. வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது. செங்கோடன் சொன்னதைக் கேட்டீர்களே, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிரசாதம் கொட்டவில்லை.

வீட்டு வாசலில் வைத்து, வெந்நீரும் துணியுமாகப் பின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது விஜயகுமாரி வந்தாள். இது அன்று சாயங்காலம், ஸ்டேஷனிலிருந்து திரும்பிய பிறகு.

"முன்னாடி லைட்டு ஒடஞ்சிருக்கே?"

"நாய் குறுக்க வந்துடுச்சு."

"நாய்க்கு என்ன ஆச்சு?"

"ஓடிடுச்சு."

அவள் காரைச் சுற்றிப் பின்னால் வந்தாள். "நாய் முன்னாடிதானே வந்துச்சு. பின்னாடி கண்ணாடிய எதுக்குத் தேய்க்கிறீங்க?"

ரயில்வே யூனியன் மாநாட்டில் கொடுத்த ஸ்டிக்கர் அது, எஞ்சின் படம் போட்டது. பழையதாகிவிட்டது, அசிங்கமாக இருக்கிறது என்றேன். ஆமாம் என்பதற்கு இந்த ஊர் வழக்கில் "ஹவ்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு கரித்தது. சொன்னதற்கு, "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுதான் ஆகணும்" என்று செம்பை என் முன்னால் வைத்தாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, அப்படித்தான் ஏதாவது பேசுவாள். மறுவருஷம் பேரனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏ.எஸ்.ராவ் நகரில் மகள் வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பேரன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான்.

நான் செங்கோடனைக் கைவிடவில்லை. இதை நீங்கள் கோர்ட்டில் சொல்ல வேண்டும். மாதம் இரண்டு சனிக்கிழமை ஜெயிலுக்குப் போய்ப் பார்ப்பேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எனக்குப் பயம் இருந்ததில்லை. வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, சோப்பு, பிஸ்கெட் எல்லாம் கொடுத்துவிட்டு வருவேன். அவர் மனைவி நீலா சங்ககிரியிலிருந்து போனில் பேசுவாள். "அப்பீலு போட்டா வெளிய வந்துருவாருங்களாய்யா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும் அம்மா, நன்னடத்தையில் சீக்கிரம் விடுவார்கள் என்பேன். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்து அலைய வேண்டாம், நான் இருக்கிறேன் என்பேன். எனக்கு ஒரு தங்கை இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

யோசித்துப் பாருங்கள். எனக்கு அப்போது அறுபத்து நான்கு வயது, சர்க்கரை வேறு. ஜெயில் சாப்பாடு எனக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. அவருக்கு வயது இருக்கிறது. ரோட்டிலேயே வாழ்ந்தவர், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தங்கினால் அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வெளியேதான் இருந்திருப்பார்.

இரண்டாவது வருஷத்தில் ஒரு சனிக்கிழமை, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பாகுன்னாரா சார்?" என்று தெலுங்கில் நலம் விசாரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த தடவை வார்டரோடு தெலுங்கில் இரண்டு வாக்கியம் பேசினார். அதற்கடுத்த தடவை அந்த வார்டரைத் தெலுங்கிலேயே திட்டிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. தாய்மொழியை மறந்துவிடாதீர்கள் என்று சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் செகந்திராபாத் ஸ்டேஷன் கடையில் தமிழ் வாரப் பத்திரிகைகளைக் கட்டாக வாங்கிக்கொண்டு போனேன், வேறு எதையும் படிக்க அவருக்கு நேரம் இருக்கக்கூடாது என்று. ஜெயில் அதிகாரி ஒருவர் என் தமிழ்ப் பற்றைப் பாராட்டினார்.

போன ஆடி மாதம் போயிருந்தபோது செங்கோடன் வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

"ஏனுங்கய்யா, நான் அன்னைக்குச் சொன்னது எத்தனை வரிங்க?"

"ஏன்ப்பா?"

"கோர்ட்டுக் காயிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிச்சனுங்க. நாலே வரிதான் இருக்குது. எஞ்சின் படம் இல்லீங்க. தண்ணி குடுத்ததும் இல்லீங்க."

எழுதினவர்கள் சுருக்கியிருப்பார்கள் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். ரயில்வே பென்ஷனர் சங்கத்தின் பேட்ஜ் குத்தியிருந்தேன். மாதா மாதம் குத்திக்கொண்டு போவதுதான். அதிலும் ஓர் எஞ்சின் உண்டு.

"நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க" என்றார். பத்திரிகைக் கட்டை வாங்காமல் எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இரண்டு வருஷமாகச் செய்ததற்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாரே என்று கோபமும் வந்தது. அந்த வாரம்தான் அவர் இலவச சட்ட உதவிக்கு மனுப் போட்டதும், நீங்கள் அவரைப் பார்க்கப் போனதும். அவர் தமிழை வேறு ஒருவர் நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை நீங்கள் என் வீட்டுக்கு வந்து காபி வேண்டாம் என்றபோதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மெட்ரோ வரை காரில் விடுகிறேன் என்றேன். நீங்கள் பின்னால் நின்று கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்கள். "அங்கிள், இக்கட ஏதோ ஸ்டிக்கர் உண்டேதி கதா?" என்று, இங்கே முன்பு ஏதோ ஒட்டியிருந்ததல்லவா என்று கேட்டீர்கள். பழைய வண்டி அம்மா, எத்தனையோ ஒட்டியிருக்கும் என்றேன். நீங்கள் காரில் ஏறிக்கொண்டீர்கள். இறங்கும்போதுதான் சொன்னீர்கள்: திங்கட்கிழமை அப்பீல் விசாரணை. கையில் வேறு சாட்சி இல்லை. அவர் அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னார் என்று நான் எழுதித் தந்தால் செங்கோடன் வீட்டுக்குப் போவார், இல்லாவிட்டால் மிச்சத் தண்டனையையும் கழிப்பார்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். யாதய்யாவை இடித்தது நான். அவர் உயிரோடு இருக்கும்போதே விட்டுவிட்டு வந்ததும் நான்தான். செங்கோடன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்; அவர் வாயில் நான் வைத்த ஒவ்வொரு வார்த்தையும் பொய். அந்த ரோட்டில் கேமரா இல்லை என்று மறுநாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது. இனிமேல் வைத்தியநாதன் எதையாவது மறைத்தான் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டபடி தெலுங்கிலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, படிக்க வசதியாக மேலே வைத்துப் பின் அடித்திருக்கிறேன். கோர்ட்டில் அதைக் கொடுத்தால் போதும், இந்தத் தமிழ்த் தாள்கள் உங்களிடமே இருக்கட்டும். தமிழில் ஆறு பக்கம் வந்தது, தெலுங்கில், செங்கோடன் சொன்னது என்று, நான்கு வரிதான். கேஸ் கட்டில் இருக்கிற அந்தப் பழைய நான்கு வரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், ஓர் எழுத்துகூட மாறவில்லை.