வெள்ளக் கைக்காரி

குந்தாத. பாயெல்லாம் போடமாட்டேன், நின்னுக்கினே பேசு. அடையாளம் தெரியாம இன்னா? உமாபதி. பத்து வருசத்துக்கு முன்னால எங்க மாடி ரூம்புல குடியிருந்த வாத்தியாரு. இப்ப பேய்க்கதை எழுதுற பெரிய மனுசன். நம்மூரு டாக்கீசுல உன் படம் ஓடுது, மாலை போட்டாங்களாமே.

அந்தப் பழத்த எடுத்துக்கினு போ. வேணாம்.

டைபாய்டு ஜொரத்துல கெடந்தியே, ஒரு சொந்தக்காரன் எட்டிப் பாத்தானா? பதினோரு நாளு கஞ்சி ஊட்டினது இந்தக் கைதான். நல்லா பாரு. மொழங்கை வரிக்கும் வெள்ள. வெண்குஷ்டம், தொட்டா ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாரு. அப்ப நீயும் மொகம் சுளிக்காமதான் குடிச்ச.

எந்திரிச்சிப் போய் இன்னா எழுதின? சன்னல்ல வெள்ளக் கை மட்டும் தெரியும், தூங்குற புள்ளைங்க கழுத்தத் தேடும்னு எழுதின.

கற்பனையா? அந்தப் பேயி என்னாட்டமே இடது கையால ராட்டினம் சுத்தி பட்டுநூலு இழைக்குதே, அது யாரு வூட்டுக் கற்பனை? தெருவே படிச்சிச்சிய்யா. கொழந்தைக்குப் பேரு வெக்கிறப்ப என்னைக் கூப்புடுறத நிறுத்திட்டாங்க. எங்க வூட்டுக்காரரு, கதைதானே, விடும்மா தில்லைன்னாரு. விட்டேன்.

அப்பால நாடகமாச்சி. கதையில வெறும் கை, நாடகத்துல நகம் மொளச்சிது. செவிலிமேட்டுல பாத்துட்டு வந்த பசங்க நம்ம கதவுல சாணி அடிச்சானுங்க. கழுவிட்டு வேலையப் பாத்தேன்.

இப்ப படத்துல அதுவும் பத்தல. பேயிக்கு ஒரு பொண்ணாம். மடியில வெச்சி சோறு ஊட்டியே கொல்லுதாம். அத டைரக்டரு சேத்தாரா? படத்துல யாரு பேரு போட்டாங்க? உன் பேருதானே?

கத்தறேனா? என் வூடு, கத்துவேன்.

உள்ள யாரா? என் மவ வடிவு. எட்டு வயசு. நீ அனுப்புன ஓசிப் பாசுலதான் நேத்து மேட்னிக்கு அவுங்கப்பாகூட போச்சி. ஆசையா கேட்டுதேன்னு நானேதான் சடை போட்டு அனுப்பினேன். மணி இப்ப ரெண்டு. காலையிலேர்ந்து தட்டு அப்பிடியே கெடக்குது. நான் எட்டப் போனாதான் சாப்புடுவாளாம்.

கெளம்புய்யா. நான் தோட்டத்துப் பக்கம் போய் நிக்கணும். புள்ளைக்குப் பசிக்கும்.