கீல் கழன்ற கதவு

அவையை நடத்தும் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே! முந்திவந்து முன்வரிசை பிடித்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் தாய்மார்களே! கூட்டம் எப்போது முடியுமென்று பின்சுவரில் சாய்ந்திருக்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

மொட்டைமாடிக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்ட வேண்டும் என்பது தலைவரின் தீர்மானம். அதை எதிர்க்கவே ஏறியிருக்கிறேன். மேடை எனக்குப் புதிது, கோபம் பழையது.

பெருந்தொற்றுக் காலம் நினைவிருக்கிறதா? எங்கள் வீடு ஒற்றை அறை. அதிலே அப்பா இருமினார், அம்மா தைத்தாள், தம்பி பாடம் படித்தான். நானோ குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து அலுவலக வேலை பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். வானம் எங்கே இருந்தது? தலைக்கு மேலே. நடுவே என்ன இருந்தது? பூட்டு. அதன் சாவி?

என்ன அண்ணே, தலைவர் இடுப்பிலா? சரியாகச் சொன்னீர்கள்! தலைவரோ மருத்துவமனையில்.

இரண்டாம் மாடித் தச்சர் அண்ணன் திருப்புளியோடு படியேறினார். "பூட்ட ஒடச்சிடாதீங்கண்ணே, சங்கத்துச் சொத்து!" என்று கீழ்வீட்டு அக்கா கத்தினார். அண்ணன் என்ன சொன்னார்? "பூட்ட யாரும்மா தொட்டா? அது பத்திரமா இருக்கட்டும். நான் கதவத்தான் கழட்டுறேன்."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று அழுதோம்.

வீட்டுக்கு அரைமணி என்று படிச்சுவரில் சுண்ணக்கட்டியால் முறை எழுதினோம். எங்கள் வீட்டு அரைமணியில் அப்பா எதுவும் செய்யமாட்டார். நிற்பார். மூச்சுவிடுவார். இறங்கும்போது வேறு மனிதராக இறங்குவார்.

பிறகு தலைவர் பிழைத்து வந்தார். தரைத்தளப் புழுக்கத்தில் திணறியவரை நாற்காலியோடு நால்வர் மாடிக்குத் தூக்கிப்போனார்கள். "கதவு எங்கடா?" என்றார். பத்து நிமிடம் காற்று வாங்கினார். அப்புறம் கேட்டார்: "நாளைக்கு என் முறை எத்தன மணிக்கு?"

ஐயா, அதே நீங்கள் இன்று, "நோய் போயாச்சு, எல்லாம் பழையபடி ஆகணும்" என்கிறீர்கள். எது பழையபடி? அந்த வாளியா? அந்தச் சுவரா? தண்ணீர்த்தொட்டி அழுக்காகிறதா, முறை வைத்துக் கழுவுகிறோம். பிள்ளைகள் விழுந்துவிடுவார்களா, கைப்பிடிச்சுவரை உயர்த்துங்கள்; நானே மணல் சுமக்கிறேன். ஆனால் காய்ச்சல் வந்தால்தான் காற்றுக்கு உரிமையா? சாவு வாசலில் நின்றால்தான் வானம் திறக்குமா? மாட்டோம் ஐயா! இனி ஒருநாளும் எங்கள் வானத்தை இன்னொருவர் இடுப்பில் தொங்கவிட மாட்டோம்!

இப்போது உங்கள் முன்னாலிருக்கும் மேசையின் விரிப்பைச் சற்றே தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் கீல் இருந்த தழும்பு தெரிகிறதா? அந்தக் கதவுதான் ஐயா இது. இதன்மேல்தான் உங்கள் தீர்மானம் கிடக்கிறது. புதுக் கதவு போடுங்கள், தாராளமாக. தச்சர் அண்ணன் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். திருப்புளி சட்டைப்பையில் இருக்கிறது. சங்கத்துக்கு இன்னொரு மேசை கிடைக்கும்!

காது கொடுத்தவர்களுக்கு நன்றி. தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கப்போகிறவர்களுக்கு இப்போதே என் வணக்கம்.